சண்டை போடத் தெரியாத சோப்பு

காலை ரயில் மாரிக்குப்பத்தில் கிளம்பும்போது இருட்டு முழுசாகப் போயிருக்காது. அங்கே ஏறுகிற பெண்கள் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகளைப் பிடித்து, அடுத்தடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிறவர்களுக்காகக் கைக்குட்டையோ டிபன் பையோ போட்டு வைப்பார்கள். உரிகத்தில் நான் ஏறும்போது என் இடத்தில் ஒரு நீலக் கைக்குட்டை கிடக்கும். அதை எடுத்து மடித்து உரியவளிடம் கொடுத்துவிட்டு உட்காருவேன். பெங்களூர் போய்ச் சேரும்வரை அந்த இடம் என்னுடையது. அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் என் நாள் ஓடியது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

என்னோடு வந்தவர்கள் எல்லோருக்கும் பெங்களூரில் ஒரு வாசல் இருந்தது. ஒருத்திக்குத் தையல் ஃபேக்டரி கேட், ஒருத்திக்கு ஆஸ்பத்திரி, ஒருத்திக்கு யாரோ வீட்டுச் சமையலறை. எனக்கும் முன்பு இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கம்பெனி. பிறர் பெயர் போட்ட பாட்டில்களில் ஷாம்பு, குழந்தைகளைக் குளிப்பாட்டும் திரவம் எல்லாம் கலந்து நிரப்பித் தருவார்கள். மூடி திருகும் பெஞ்சில் சேர்ந்து கலவை அறை வரைக்கும் போனேன். பள்ளிப் படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் காதால் படித்தது. பிறகு கம்பெனி தும்கூர் பக்கம் போனது. வர முடிந்தவர்கள் வரலாம் என்றார்கள். என்னால் முடியவில்லை. கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மகன் புனேயில், ஞாயிற்றுக்கிழமை போனில். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய நந்திதுர்க் லைன் வீட்டில் நானும் தண்ணீர் டிரம்மும்தான் மிச்சம்.

எங்கள் லைனில் பால் போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வூட்ல பால் பொங்குனாக்கூட சத்தமில்லாமத்தான் பொங்கும்போல கீது" என்றாள். அவள் சிரித்தபடிதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று முழுக்க ரேடியோவைப் போட்டு வைத்திருந்தேன்.

வேலை போன பிறகும் ரயில் ஏற ஒரு காரணம் வேண்டும் இல்லையா. அந்தக் காரணத்தைத்தான் நான் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனேன்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு நீல டிரம்களில் ஒரு பொருள் வரும். கோகோ குளுக்கோசைடு என்று டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும். யாருக்கும் வாயில் நுழையாது என்பதால் தேங்காய்த் தேன் என்போம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். வெளிறிய மஞ்சள், கரண்டியைத் தூக்கினால் நூல்போல இறங்கும். தேங்காய் எண்ணெயிலிருந்து ஒரு பங்கும், சர்க்கரையிலிருந்து ஒரு பங்கும் எடுத்து இரண்டையும் சேர்த்துச் செய்வது என்று அங்கிருந்த கெமிஸ்ட் பையன் சொன்னான். மார்கழிக் குளிரில் அது நெய்போல வெளுத்து உறையும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி தெளியும். அழுக்கை எடுக்கும், தோலில் இருக்கிற எண்ணெயைச் சுரண்டாது. ஆனால் டிரம்மில் வரும்போது அதற்குத் தோலை அரிக்கிற காரம் அதிகம். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சிறுகச் சிறுக விட்டு, காரத்தை இறக்கி, தோலுக்கு ஏற்ற பதத்துக்குக் கொண்டு வர வேண்டும். பதம் வந்ததா என்பதைக் காகிதப் பட்டையை நனைத்து அதன் நிறத்தில் பார்க்கலாம். கெட்டுப் போகாமல் இருக்க ஒரு மருந்தும் சில துளிகள் சேர்க்க வேண்டும். பெங்களூர்ப் பேட்டையில் ஒரு கடையில் இதெல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். வாங்கி வந்து என் சமையல் மேடையிலேயே கலந்தேன். கலக்கும்போது கரண்டியிடம் பேசிக்கொண்டிருப்பேன். கம்பெனியிலும் பேசுவேன், ஆனால் அங்கே யாராவது பதில் சொல்வார்கள்.

ரயில் பெண்களுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. நான் கொடுத்ததால் வாங்கிக்கொண்டார்கள். குறை ஒன்றே ஒன்றுதான், நுரை. தேங்காய்த் தேனின் நுரை சின்னது, பால் ஆடை மாதிரி தலையோடு படுத்துக்கிடக்கும். எங்கள் ஊருக்கு அது போதாது. சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வருகிற ஆண்கள் பாறைச் சேறும் கிரீஸுமாக வருவார்கள். கொல்லையில் உட்காரவைத்து, துணி துவைக்கிற பார் சோப்பைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். தோல் இழுத்து, கண் எரிந்தால்தான் குளித்ததாகக் கணக்கு. இப்போது சுரங்கம் இல்லை. ஆனால் காற்றுக் காலத்தில் சுரங்கக் கழிவைக் கொட்டிய மேட்டிலிருந்து டம்ப் மண் பறந்து வந்து முடிக்குள் உட்காருகிறது. போர்வெல் தண்ணீரோ கல்லைக் கரைத்தது மாதிரி. அதனால் நுரை மேல் இருந்த நம்பிக்கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

என் இடத்தில் நீலக் கைக்குட்டை போட்டு வைப்பவள் என்று சொன்னேனே, அந்தக் கைக்குட்டைக்காரி மாரிக்குப்பத்தில் ஏறுகிறவள். தையல் ஃபேக்டரியில் காலர் தைக்கிறாள். பெட்டிக்கே அவள்தான் வாய். முதல் பாட்டிலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னாக்கா இது, சண்டை போடத் தெரியாத சோப்பு. அழுக்குகிட்ட போயி, அம்மா தாயே கொஞ்சம் எறங்குமான்னு கேக்குது."

பெட்டியே சிரித்தது. எனக்கும் பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து அதுதான் அதன் பெயர். "சண்டைக்காரி, சண்டை போடாததுல ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்குவார்கள். சண்டைக்காரி என்றது என்னைத்தான். நான் யாரோடும் சண்டை போட்டவளில்லை என்பதால் வைத்த பெயர்.

அவளுக்கு ஒரே மகள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கோரமண்டலில். மாப்பிள்ளையின் அக்காவும் எங்கள் பெட்டியில்தான் வருவாள், ஆஸ்பத்திரியில் வேலை. தன் மகளுக்குத் தலையில் அரிப்பு, கடை ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி என்னிடம் ஒரு பெரிய பாட்டில் கேட்டாள் கைக்குட்டைக்காரி. கொடுத்தேன். கல்யாணப் பெண்ணுக்குப் போகிறது என்று கூடுதல் அக்கறையோடு, பட்டையை இரண்டு தடவை நனைத்துப் பார்த்துக் கலந்தது அது.

ஒன்றிரண்டு வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை உரிகத்தில் ஏறினேன். என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் நான் கொடுத்த பாட்டில்கள் வரிசையாக இருந்தன, பாதி தீர்ந்ததும் திறக்காததுமாக. யாரும் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டைக்காரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, மகளுக்குத் தலை முழுக்கச் சிவந்து புண்ணாகிவிட்டது, முடி கொத்துக் கொத்தாக வருகிறது, வெளியே போனால் முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள் என்றாள். என்னிடம் சொல்லவில்லை, பெட்டியிடம் சொன்னாள். மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கேட்கும்படி இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அவளுக்கு வியாதி ஒண்ணுமில்ல, இவுங்க குடுத்ததுதான்" என்றாள்.

நான் கதவருகே நின்றுகொண்டே பங்காருபேட்டை வரை வந்தேன். இறங்கும்போது ஒருத்தி பாட்டில்களைப் பையில் போட்டு என் கையில் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றாள். அவள் நல்லவள். அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்து எல்லாப் பாட்டிலையும் மேடையில் வைத்துப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது. அதிலேயே தலை குளித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் குளித்தேன். சோதித்துப் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தினமும் தலைக்கு ஊற்றினேன். எனக்கு எதிராக யாராவது ஏதாவது கண்டுபிடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அதைச் சொல்லவாவது ஒருவர் வீட்டுக்கு வரவேண்டுமே. காலை ரயில் போகிற சத்தம் எங்கள் லைனுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் டிரம்மில் தண்ணீர் மொண்டு வேண்டுமென்றே சத்தமாக ஊற்றுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, வீட்டுக்குத் திரும்பாமல் மாரிக்குப்பம் பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பெண்ணின் தலையை ஒருமுறை பார்க்காமல் முடியாது என்று தோன்றியது.

கைக்குட்டைக்காரி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் புருஷன்தான் வரவேற்றார். சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகிற கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தவர், அதனால் இன்றைக்கும் ஒருவர் உள்ளே வந்தால் ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டி வழிகாட்டுவார். மகள் கொல்லையில் தலையில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். துணியை விலக்கிக் காட்டினாள். நெற்றி மேட்டில் தோல் வெந்தது மாதிரி இருந்தது. என் சாமான் அப்படிச் செய்யாது என்று தெரிந்தும் கலந்த அளவுகளை மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டேன்.

பாட்டில் எங்கே என்று கேட்டேன். குளியல் கல்லின் மேல் இருந்தது. கையில் எடுத்துச் சாய்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து மெதுவாக நகர்ந்தது. மூடியைத் திறந்து மோந்தேன். வண்ணான் துறை வாடை அடித்தது.

நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே பெருமையாகச் சொன்னார். அந்தத் தண்ணீருக்கு நுரை வரவில்லை, பெண் பாவம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போகிறாள் என்று பார்த்தாராம். லைனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, கல் தண்ணீரில் வாஷிங் சோடா கொஞ்சம் போட்டால் சோப்பு பொங்கும். பேன்ட் சட்டை ஊறவைக்கிற வாளியில் போடுவார்கள், சில வீடுகளில் குளிக்கிற தண்ணீரிலும் போடுவார்கள். அதைத்தான் பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறார். போட்ட பிறகும் அவ்வளவாக நுரைக்காததால் இன்னும் கொஞ்சம். சாதாரண சோப்புக்கு அவர் சொன்னது சரிதான், அது நிஜமாகவே பொங்கும். ஆனால் நான் எலுமிச்சை உப்பு விட்டு இறக்கி வைத்த காரத்தை அவர் சோடா போட்டு மறுபடி மேலே ஏற்றிவிட்டார். கேஜ் மாதிரி என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. மகளின் தலையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கைக்குட்டைக்காரி என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெறும் தண்ணீரில் மட்டும் அலசச் சொன்னேன், புண்ணுக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இத இப்ப பெட்டில சொல்லிடாதீங்க. துணி சோடாவ பொண்ணு தலையில கொட்டுன குடும்பம்னு அவுங்க வூட்ல பேசுவாங்க. கல்யாணம் முடியட்டும். நானே என் வாயால சொல்றேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. அந்தப் பெண் கொல்லையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நான் எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் அது எங்கள் நாலு பேருக்கு மட்டும். பெட்டிக்கு நான் இன்னும் பெண்ணின் தலையைப் புண்ணாக்கியவள்தான்.

புண் ஆறிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகக் கலந்ததை நானே அவள் தலையில் தேய்த்துவிட்டேன். அந்த ஞாயிறுகள் நன்றாக இருந்தன என்று சொல்லத்தான் வேண்டும். கைக்குட்டைக்காரி பெட்டிக் கதைகளையெல்லாம் கொண்டு வருவாள். யார் யாரோடு பேசவில்லை, யார் புதுச் செருப்பு வாங்கினாள், எல்லாம். என்னை யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கமாட்டேன். அவளாகவும் சொல்லமாட்டாள். அவர்கள் போன பிறகு ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வாசலில் நிற்பேன். மீதி ஆறு நாளும் ரயில் சத்தம் மட்டும்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்தால் பேச்சு தலைமுடிக்குப் போகும் என்று நானே நின்றுவிட்டேன். மண்டபத்து மைக் சத்தம் காற்று திரும்பும்போதெல்லாம் எங்கள் லைன் வரை வந்தது. மதியத்துக்கு மேல் வாசலில் கைக்குட்டைக்காரியின் புருஷன் நின்றார். புது வேட்டி, கையில் பிரியாணித் தூக்கு. மகளுக்கு அப்பா, மண்டபத்தில் இருக்க வேண்டியவர், பஸ் பிடித்து வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தூக்கை நீட்டிவிட்டு, "குத்தம் என்னுது. வூட்ல கெடக்கறது நீங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் மூடியைத் திறந்து பார்ப்பதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்.

கல்யாணக் களைப்பெல்லாம் தீர்ந்த ஒரு திங்கட்கிழமை ரயிலுக்கு வரும்படி கைக்குட்டைக்காரி சொல்லி அனுப்பினாள். போனேன். உரிகத்தில் பெட்டியில் ஏறும்போது எனக்கு முதல்நாள் வேலைக்குப் போகிறவளுடைய படபடப்பு. இரண்டு பெஞ்சும் நிரம்பியிருந்தன. கைக்குட்டைக்காரி எழுந்து நின்றாள். மாப்பிள்ளையின் அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"ஒரு விசயம் கேளுங்க. எங்க வூட்டுக்காரர் கீறாரே, பொண்ண அப்படியே குடுத்தா நல்லாருக்காதுன்னு துவைச்சு அலசித்தான் சம்பந்தி வூட்டுக்கு அனுப்பியிருக்காரு."

பிறகு சோடாக் கதையை முழுசாகச் சொன்னாள். பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி நடித்துக் காட்டினாள். பெட்டி குலுங்கியது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் மாப்பிள்ளையின் அக்காதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் அப்பாவும் இப்படித்தான், நாய்க்குட்டியைக்கூட சோடாத் தண்ணீரில் குளிப்பாட்டுவார் என்றாள். இதற்குத்தானா இத்தனை மாதம் என்று எனக்குத் தோன்றியது. கைக்குட்டைக்காரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு பாட்டில் கேட்டார்கள். நான் ஒன்றும் கொண்டு போகவில்லை.

கேட்க ஆசைப்பட்ட பேச்செல்லாம் என்னைச் சுற்றி ஓடியது. பாதி புரியவில்லை. நான் இல்லாத மாதங்களில் புதிதாக யாரோ ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தான், யாருக்கோ ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். யாராவது நிறுத்தி விளக்கிச் சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். பரவாயில்லை, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூர் வந்தது. இறங்கியதும் எல்லோருக்கும் ஓட்டம்தான். பஸ், மெட்ரோ, கேட். ஒரு நிமிஷத்தில் பெட்டி காலியாகிவிடும். கைக்குட்டைக்காரி மட்டும் இரண்டடி ஓடியவள் நின்று திரும்பினாள்.

"நீங்க எங்கக்கா போவீங்க?"

இத்தனை காலத்தில் அவர்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. என் கம்பெனி மாறிப் போனது எல்லோருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. பேட்டையில் சாமான் கடைக்கு என்றேன்.

"அவன் பத்தரைக்கு மேலதான தொறப்பான்? அதுவரைக்கும் இன்னா பண்ணுவீங்க?"

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். கேட் மூடிவிட்டால் பாதிநாள் சம்பளம் போய்விடும் அவளுக்கு. போ, போ என்று நான்தான் கையை வீசினேன். சாயங்காலம் இதே பெட்டி என்று கத்தியபடி ஓடினாள். படிக்கட்டில் அவளுடைய பச்சைத் துப்பட்டா கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு மற்ற துப்பட்டாக்களோடு கலந்துவிட்டது. பிளாட்பாரத்தைக் கூட்டுகிற பெண் என் காலடிவரை வந்து, நகரச் சொல்லாமல், என்னைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள்.